ரெத்தினத்தின் பேரல் படகு

நாலாவது பேரலில்தான் தண்ணீர் இருந்தது. செம்மொழி வீல் ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள். மற்றதெல்லாம் வெற்றுக் குடம்போலச் சத்தம் கொடுக்க, இது மட்டும் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் படுத்த எருமை மாதிரி தொப்பென்றது. சேற்றில் மண்டியிட்டு மூடியைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. அப்பாவின் கை இறுக்கிய மூடி. செத்த பிறகும் பிடியை விடாத மனுஷன்.

மேலே தெருவில் ஐஸ் பெட்டிக்குள் ரெத்தினம் படுத்திருந்தார். நேற்றுக் காலையில் இதே பேரலின்மேல் கவிழ்ந்து கிடந்தார். அதற்குச் சற்று முன்னால்தான், "பெரிய ஸ்பேனர கேட்டா சின்னத எடுத்துக் குடுக்கிற, உன்னல்லாம் எவன்டி பெத்தது?" என்று கத்தினார். "நீங்கதான்" என்று சொல்லி ஸ்பேனரைச் சேற்றில் வீசிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். டீயோடு திரும்பி வந்தபோது, படகு எஞ்சினின் ஸ்டார்ட்டர் கயிறு அவருடைய இடது கையில் சுற்றியபடி இருந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் கடைசிப் பேச்சு அந்த ஸ்பேனர்தான்.

ஸ்பேனரை மூடியின் பல்லில் கொடுத்து ஏறி மிதித்ததும் மூடி கழன்றது. உள்ளே வைத்திருந்த ரப்பர் வாஷர் அப்பளம்போல நொறுங்கிக் கையோடு வந்தது. நல்ல வாஷர் ஒன்று வாங்க வக்கில்லாமல் இல்லை. பழைய சைக்கிள் டியூபில் தானே வெட்டிப் போடுவேன் என்று வீம்பு. அந்த வீம்பில்தான் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

"செம்மொழி, விட்டுட்டு மேல வா."

கரையில் குடையோடு அண்ணன் தமிழ்மாறன் நின்றான். திருவாரூரில் அரசாங்க வேலை. வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டியிருந்தாலும் சேற்றில் கால் வைக்கவில்லை.

"இளஞ்செழியன்கிட்ட பேசிட்டேன். வரப்பு வழியா எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு."

அவள் நிமிரவில்லை. "சும்மாவா சொன்னாரு?"

"சம்பா பயிரு நிக்குதுல்ல. பறை வேணாம், பூ வீச வேணாம், கூட்டமா வராதீங்கன்னாரு. பொழுதோட முடிச்சிடுங்கன்னாரு. அவரு சொல்றதும் நாயம்தானே."

"அம்மாவ எடுத்துட்டுப் போறப்பவும் இப்படித்தான் நாயமா பேசுனாரு."

தமிழ்மாறன் குடையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

அந்தத் தெருவுக்குச் சுடுகாடு கோரையாற்றின் எதிர்க்கரையில் இருக்கிறது. மேற்கே சட்ரஸ் என்று சொல்கிற மதகுப் பாலத்தில் ஏறி, ஆற்றைத் தாண்டி, இளஞ்செழியனின் வயலுக்குள் இறங்கி நடக்க வேண்டும். சர்வே படத்தில் அங்கே பாதை என்று ஒரு கோடு ஓடுகிறதாம். தரையில் ஓடுவது இளஞ்செழியனின் வரப்புதான். அவன் தாத்தா காலத்தில் கும்பிட்டுக் கேட்டுப் போனார்கள். அவன் அப்பா காலத்தில் கேட்டுப் போனார்கள். இவன் காலத்தில் போலீசையும் தாசில்தாரையும் வைத்துக்கொண்டு போகிறார்கள். காலம் மாறியிருக்கிறது, வரப்பு மாறவில்லை.

ரெத்தினத்தின் மனைவி அம்சம் செத்ததும் இதே போன்றதொரு கார்த்திகை மழையில்தான். எடுப்பதற்கு முந்தின சாயங்காலம் தண்ணீர் வடிய வேண்டும் என்று வரப்பை நடுவில் வெட்டிவிட்டிருந்தான் இளஞ்செழியன். வெட்டிய இடத்தில் தண்ணீர் நிறைந்து சமமாகக் கிடந்தது. பாடையை முன்னால் தூக்கிப் போனவன் அதில் கால் வைத்தான். அம்சம் பாடையோடு சரிந்து, பயிருக்குள் முகம் குப்புற விழுந்தாள். அவள் மூக்கிலும் வாயிலும் அப்பியிருந்த சேற்றை ரெத்தினம் தன் துண்டால் துடைத்தார். இளஞ்செழியன் தூரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, "பயிரு, பயிரு" என்று கத்திக்கொண்டிருந்தான்.

காரியம் முடிந்த மறுநாளே ரெத்தினம் பேரல் தேடிக் கிளம்பிவிட்டார். இறால் பண்ணையில் மருந்து காலியான நீலப் பேரல்களை வாங்கிவந்து, இரண்டு வரிசையாகப் படுக்க வைத்து, மேலே இரும்பு ஆங்கிளும் பலகையும் கட்டினார். கரண்டு மோட்டார் வந்த பிறகு யார் வீட்டிலோ மூலையில் கிடந்த பழைய பம்புசெட் எஞ்சினைத் தூக்கிவந்து பின்னால் மாட்டினார். நீளமான கம்பி, அதன் நுனியில் தகரத்தில் வெட்டிய விசிறி. "என் பொணம் அவன் வரப்புல ஏறாது" என்று டீக்கடையில் சொன்னார், ரேஷன் கடையில் சொன்னார், கேட்காதவர்களைக்கூட நிறுத்திவைத்துச் சொன்னார்.

படகு முதல் முறை செக்குமாடு மாதிரி இருந்த இடத்திலேயே சுற்றியது. அடுத்த முறை ஒருபக்கமாகச் சாய்ந்து அவரை ஆற்றில் கொட்டியது. இரண்டு கரையிலும் நின்று ஊர் விசிலடித்தது. ரெத்தினம் கப்பல் எப்பப் புறப்படுது, நாகூருக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டவர்களில் சொந்தத் தெருக்காரர்களும் இருந்தார்கள். அவர் எல்லாரையும் வாய் கூசாமல் வைதார். மறுபடி கழற்றி மறுபடி மாட்டினார்.

புருஷன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு செம்மொழி பெட்டியோடு வந்து நின்ற அன்று, ஏன் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வந்தவ சும்மா நிக்காத. இந்த லைட்டப் புடி" என்றார். அன்றிலிருந்து அவள் லைட் பிடித்தாள், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், திட்டு வாங்கினாள், திருப்பித் திட்டினாள். அந்தக் கரையில் இரண்டு பேரும் ஒரு நாளும் ஒருத்தருக்கொருத்தர் நல்ல வார்த்தை சொல்லிப் பேசியதில்லை.

"அரசாங்க வேலையில இருக்கேன் செம்மொழி. நாளைக்கே கேஸு அது இதுன்னா என்னைய மாத்திடுவான். அந்தாளு விடுறேங்கிறாரு. எதுக்கு வம்ப விலைக்கு வாங்கணும்?"

"உன் அப்பா சொன்னத நீ கேக்கலியா?"

"நீ மட்டும் அவர் சொன்னத என்னைக்குக் கேட்ட? உனக்கு அவரக் கண்டாலே ஆகாது. இப்ப என்ன திடீர்னு?"

"இப்பவும் ஆகாதுதான்." அவள் பேரலை உருட்டிவிட்டாள். பழுப்புத் தண்ணீர் மடமடவென்று அவன் காலருகே ஓடியது. "அவருக்காக ஒண்ணும் செய்யல. அம்மா சேத்துல கெடந்துச்சு. இவரும் அங்க விழுந்தா, அந்த ஆளு இன்னொரு தரம் பைக்க நிறுத்திட்டுப் பாப்பான். அவன் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்."

தமிழ்மாறன் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான். அவள் டியூபில் புது வாஷர் வெட்டி, வாயைச் சுற்றி எம்-சீல் பூசி, மூடியை இறுக்கினாள். பேரலை அதன் இடத்தில் தள்ளிக் கட்டினாள். பிளக்கைக் கழற்றித் துடைத்தாள். எல்லாவற்றையும் வலது கையால்தான் செய்தாள். பழக்கிய கை அது.

ரெங்கம்மாள் அத்தை தெருமுனையிலிருந்து கூப்பிட்டாள். "அடியே, பொம்பளைங்க வாய்க்கரிசி போட்டாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி. பெத்த அப்பனுக்கு வந்து போட்டுட்டுப் போடி."

அவள் கையைக்கூடக் கழுவாமல் போனாள். ஐஸ் பெட்டியைத் திறந்து, குளிப்பாட்டி, புது வேட்டி கட்டிப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். தாடையைக் கட்டியிருந்ததால் முகத்தில் கோபம் குறைந்து தெரிந்தது. அந்த ஊரில் சாவுக்கு எல்லாமே இடப்பக்கம்தான். பிணத்தைச் சுற்றுவது இடமாக, அரிசி போடுவது இடது கையால். செம்மொழி முறத்திலிருந்து வலது கையில் அரிசியை அள்ளினாள்.

"இடது கைடி. இடது கையால போடு."

"ஏன்? சின்ன வயசுல இந்தக் கையத்தானே கேட்டாரு. இதாலேயே திங்கட்டும்."

அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். அத்தை, "அடிப்பாவி, செத்த பொணத்துக்கிட்டயா?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். செம்மொழி அதே கையால் வாய்க்கரிசியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அவள் பிறவியிலேயே இடக்கைக்காரி. அவரைப்போல. சோற்றில் இடது கையை வைத்தால் ரெத்தினம் கரண்டிக்காம்பால் விரல் மொழியிலேயே அடிப்பார். அடித்தும் கேட்காதபோது துண்டால் அந்தக் கையை முதுகோடு சேர்த்துக் கட்டிவிட்டு, "இப்பத் தின்னு" என்பார். வலது கையால் தின்னத் தெரியாமல் சோறு முகமெல்லாம் ஒட்டும். அவர் மட்டும் வெளியாட்கள் இல்லாதபோது இடது கையால்தான் தின்பார். அதற்குக் காரணம் இருந்ததென்று அத்தை பிற்பாடு சொன்னாள். சிறுவனாக இருந்தபோது, களத்தில் கூலி நெல் வாங்க அவர் இடது கையை முன்னால் நீட்டிவிட்டாராம். இளஞ்செழியனின் தாத்தா மரக்காலைக் கவிழ்த்து நெல்லைப் புழுதியில் கொட்டிவிட்டு, அந்தக் கையைச் செருப்புக்காலால் மிதித்தாராம். மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் அடித்தாராம். செம்மொழி கேட்டுக்கொண்டாள். காரணம் தெரிந்ததால் பட்ட அடி வலிக்காமல் போய்விடுமா? மிதித்தவனை விட்டுவிட்டுப் பெற்ற பிள்ளையை அடித்தவர்தானே.

பாடை தெருவைவிட்டுக் கிளம்பியது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன தமிழ்மாறன் சட்ரஸ் பக்கம்தான் திரும்பினான். சுடுகாட்டுக் காரியமெல்லாம் முன்னின்று நடத்துகிற காத்தான் மாமா பாடையின் முன்கொம்பில் இருந்தார். அவர் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பினார். மற்ற மூன்று தோள்களும் அவரோடு போயின.

"மாமா, வரப்புக்குப் பேசியாச்சு" என்றான் தமிழ்மாறன்.

"நீ பேசுன. செத்தவன் பேசல" என்றார் காத்தான். "அம்சத்த தூக்குனப்ப முன்கொம்புல நான்தான்டா இருந்தேன். அந்தக் குழியில கால வச்சவன் நான். இன்னொரு தரம் அங்க நடக்க என்னால ஆகாது."

தமிழ்மாறன் கொள்ளிச்சட்டியோடு திரும்பி அவர்கள் பின்னால் வந்தான்.

படகைத் தள்ளித் தண்ணீரில் இறக்கினார்கள். நாலாவது பேரல் தண்ணீர் புகாமல் நின்றது. பாடையைப் பலகையின் நடுவில் வைத்து, பக்கத்துக்கு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள். அதற்குள் எதிர்க்கரையில் பைக் சத்தம் கேட்டது. இளஞ்செழியன் வந்துவிட்டான்.

"யோவ் தமிழ்மாறா! வழி விடுறேன்னு சொன்னேன்ல? அப்புறம் என்னய்யா கப்பல் விடுறீங்க? விட்டாலும் ஏற மாட்டேங்கிறீங்க, செத்தும் திமிரு அடங்கலியா அந்தாளுக்கு?"

தமிழ்மாறன் கொள்ளிச்சட்டியைப் பலகையில் வைத்துவிட்டு எஞ்சினிடம் போனான். கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி வலது கையால் இழுத்தான். பாதிதான் வந்தது. முழங்கை இரும்பு ஆங்கிளில் போய் மோதியது. இன்னொரு முறை இழுத்தான். மறுபடி மோதி, தோல் உரிந்து ரத்தம் வந்தது. காத்தான் இழுத்துப் பார்த்தார். அவருக்கும் முழங்கை இடித்தது. எஞ்சினைப் படகின் விளிம்போரமாக ஒட்டி மாட்டி, பக்கத்திலேயே ஆங்கிளை நட்டிருந்தார் ரெத்தினம். வலது கைக்காரன் எவன் இழுத்தாலும் கை போக இடமில்லை.

"எந்த மடையன் இப்படி மாட்டுவான்!" என்று தமிழ்மாறன் படகை எட்டி உதைத்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. வலியா வேறேதாவதா என்று சொல்ல முடியாது.

எதிர்க்கரையில் சிரிப்புக் கேட்டது. "நடு ஆத்துல கவுந்தீங்கன்னா என் வரப்புலதான்யா தூக்கிட்டு வரணும். சொல்லிட்டேன்!"

செம்மொழி புடவையை வரிந்து செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"நீ எங்கடி வர்ற?" என்று அத்தை கரையிலிருந்து அலறினாள். "பொம்பள சுடுகாட்டுக்குப் போறதா? குடும்பம் வெளங்குமா?"

"நான் சுடுகாட்டுக்குப் போகல. எஞ்சினுக்குப் போறேன்."

தெரு முழுக்கக் காத்தானைப் பார்த்தது. அவர் பாடையைப் பார்த்தார், எதிர்க்கரையைப் பார்த்தார். "அந்தக் கரையில எறங்காத. படகுலயே இரு" என்றார்.

அவள் பின்பக்கம் நின்று கயிற்றைச் சுற்றினாள். இந்த எஞ்சினை ஒரே ஒரு முறைதான் அவள் இழுத்திருக்கிறாள். போன புரட்டாசியில் அப்பா இழுத்து இழுத்து ஓய்ந்துபோய் உட்கார்ந்தபோது, ஆத்திரத்தில் கயிற்றைப் பிடுங்கி இழுத்தாள். யோசிக்காமல் இடது கை போயிருந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. கழற்றி மாட்டிய பிறகு மாதக்கணக்காக அவர் கேட்கக் காத்திருந்த சத்தம் அது. ரெத்தினம் எழுந்து நின்றார். எஞ்சினைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்தார். "அந்தக் கைய எடு" என்றார். அதோடு எஞ்சினை அணைத்துவிட்டார்.

செம்மொழி இப்போது கயிற்றின் முனையை இடது கையில் சுற்றிக்கொண்டாள். எடுக்கச் சொல்ல ஆள் இல்லை. இழுத்தாள். தும்மிவிட்டு நின்றது. மறுபடி சுற்றி, பாடையைத் திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு இழுத்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரும்புகை அவள் முகத்தில் அடித்தது.

படகு செக்குமாடாகச் சுற்றப் பார்த்தது. விசிறிக் கம்பியை உடம்போடு அழுத்திப் பிடித்து நேராக்கினாள். நடு ஆற்றில் வெங்காயத்தாமரை விசிறியில் சிக்கியது. கம்பியைத் தூக்கி, காத்தான் அரிவாளால் அறுத்துவிட, மறுபடி இறக்கினாள். இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் போனது. பாடையின் ஓரத்தில் தண்ணீர் தெறித்தபோது தமிழ்மாறன் கொள்ளிச்சட்டியை ஒரு கையிலும் அப்பாவின் காலை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டான். எதிர்க்கரையின் பைக் சத்தமும் எஞ்சின் சத்தத்தில் காணாமல் போயிருந்தது.

சுடுகாட்டுத் துறையில் படகு முட்டி நின்றது. ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கரை முழுக்கக் காட்டாமணக்கு மண்டிக் கிடந்ததால் அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. குடம் உடைகிற சத்தம், காத்தானின் அதட்டல், அண்ணனின் இருமல். அம்மா போனபோது வீட்டு வாசலோடு நிறுத்தினார்கள். இந்த முறை ஆறு தாண்டி வந்தும் காட்டாமணக்கோடு நிற்க வேண்டியிருக்கிறது. அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்து ஸ்பேனரைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பெரிய ஸ்பேனர். நேற்று அவர் கேட்டது இதைத்தான். அது அவள் பக்கத்திலேயேதான் கிடந்தது. வேண்டுமென்றேதான் சின்னதைக் கொடுத்தாள். அதற்காக இப்போதும் அவளுக்கு வருத்தமாக இல்லை. துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தாள்.

ஆண்கள் ஆற்றில் முங்கி எழுந்து ஈரத்தோடு ஏறிக்கொண்டார்கள். மொட்டையடித்த தலையோடு தமிழ்மாறன் சின்னப் பையனாகத் தெரிந்தான். படகுக்குப் பின்னால் போகத் தெரியாது. அதனால் மூங்கில் கழியால் தள்ளித் திருப்பி, மூக்கை ஊர்ப்பக்கமாக வைத்தார்கள்.

"எல்லாரும் முன்னப் பாத்து உக்காருங்க" என்றார் காத்தான். "கொள்ளி வச்சிட்டு வர்றவன் திரும்பிப் பாக்கக் கூடாது. செம்மொழி, உனக்கும்தான்."

"எஞ்சின் பின்னாடிதானே மாமா இருக்கு."

காத்தான் மூங்கில் கழியைப் படகுக்குள் இழுத்துப் போட்டார். அதற்கு ஒரு சடங்கும் யாரும் சொல்லி வைக்கவில்லை. ஐந்து ஈர முதுகுகளும் ஊரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தன. செம்மொழி அவர்களுக்கு முதுகைக் காட்டி எஞ்சினுக்கு எதிரே நின்றாள். படகு திரும்பியதில் காட்டாமணக்கு விலகி, மேட்டில் தகரக் கொட்டகை நேராகத் தெரிந்தது. வைக்கோலும் சேறும் வைத்துப் பூசிய சிதை மூட்டத்தின் வெடிப்பிலிருந்து புகை புறப்பட்டு, மழைக் காற்றில் மேலே எழும்ப மாட்டாமல் தாழ்ந்து, இளஞ்செழியனின் பயிர் மேல் பரவிப் போனது.

அவள் கயிற்றைச் சுற்றினாள்.

வயல் பக்கம் பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. மழை தூறத் தொடங்கியது. படகு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?" என்றான் தமிழ்மாறன், திரும்பாமலே. "புடிக்கலியா?"

"பிளக்குல தண்ணி போயிருக்கு. கொஞ்சம் இருங்க."

பிளக் காய்ந்துதான் இருந்தது. அவள் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சுற்றிய கயிறு அவளுடைய இடது கையில் தயாராக இருந்தது.